கனி சுமந்த கடகம்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு சாசனக் கல் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகத் தமிழிற் பொறிக்கப்பட்டது அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேச வணிகர் ஊர்காவற்றுறையில் வந்திறங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் கொடுக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். பிற பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு. இவ்வாறு விதிக்கின்றது அச்சாசனம்.

அரசனுக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்தன. ஆகவே அவற்றுக்குச் சலுகை. ஏனையவை யாவும் 'பண்டம்' என்ற ஒரு சொல்லுள் அடங்கிவிட்டன. பின்னர் வந்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இதே துறையிலிருந்து யானைகளைக் கப்பலேற்றினார்கள். துறை என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்தே ஊர்காவற்றுறைக்குக் 'கயிற்ஸ்' என்னும் பெயர் வந்தது என்பர். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். இவையெல்லாம் ஏடேறியுள்ளன. ஆயின் இத்தீவுகளின் மக்கள் தம் மரங்களின் கனியை நசியாமலும் அழுகாமலும் கடல் கடத்தியது எதில் வைத்து? அந்தக் கலத்தைச் செய்தவர் யாவர்? அவர் பெற்ற கூலி யாது? கல்லைப் பொறித்தவனுக்கு இவை கேள்விகளாகத் தோன்றவில்லை. மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் நமக்காவது தோன்ற வேண்டாமா?

பனங்கூடலும் சோளகக் காற்றும்

பழத்தோட்டம் என்றவுடன் மாவும் பலாவும் வாழையும் நம் நினைவுக்கு வரும். தீவகத்தின் நிலை வேறு. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண். கிணறு தோண்டினாற் பல இடங்களில் உவர்நீர். வளவுக்குள் வளரும் ஒரு மாமரத்தை வீட்டார் குழந்தையைப்போலக் காப்பர். மற்றபடி இவ்வூர்களின் பழத்தோட்டம் என்பது பனங்கூடலே. எவரும் நீர் ஊற்றாமல், காற்றுக்கும் உப்புக்கும் ஈடுகொடுத்து நிற்பது அம்மரம் ஒன்றே.

அம்மரமோ முரட்டு மரம். அதன் கனி முரடன்று. வெட்டிய நுங்கு ஒரு பொழுதுக்குள் சுவை கெடும். பழுத்த பனம்பழம் தானாகவே விழும். விழுந்த வேகத்திற் கன்றும். எடுக்காமல் விட்டால் ஓரிரு நாளிற் புளித்து வண்டேறும். வளவிலுள்ள கறுத்தக்கொழும்பான் மாம்பழமோ நன்கு கனிந்தபின் விரலழுத்தத்தையும் பொறுக்காது.

இவற்றோடு காலமும் பகையாக நின்றது. மாம்பழமும் பனம்பழமும் பெரும்பாலும் சோளகம் வீசும் மாதங்களிலேயே கனிகின்றன. நெடுந்தீவுக் கடல் கொந்தளிப்பதும் அம்மாதங்களிலேதான். பழம் கனிந்திருக்கும், வத்தை புறப்படாது. புறப்பட்டாலும் அலையின் தூக்கிலும் மோதலிலும், உவர்நீர்த் தூவலிலும் பழம் அடிபடும். ஆகவே தீவக மக்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, பயணத்துக்கு ஏற்பப் பழத்தை மாற்றுவது. மற்றொன்று, பழத்துக்கு ஏற்பப் பெட்டியைச் செய்வது. அவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

முதல் வழியின் விளைவுதான் பினாட்டு. பனம்பழத்தின் தோலை நீக்கிக் களியைப் பிசைந்து வடித்து, பந்தர்மேல் விரித்த ஓலைப்பாயில் ஊற்றி வெயிலிற் காயவிடுவர். நாள்தோறும் அதன்மேல் மற்றொரு படை ஊற்றப்படும். படைகள் ஏறித் தடித்துக் காய்ந்தபின் பாயிலிருந்து உரித்து வெட்டி மடித்துப் பெட்டியில் அடுக்கி, அடுப்படிப் புகை படும் இடத்தில் வைப்பர். ஓரிரு நாளில் அழுகும் கனி மாதக்கணக்கில் நிற்கும் உணவாகிவிடுகின்றது. அதன்பின் எந்த அலைக்கும் அது அஞ்சவேண்டியதில்லை.

இவ்வறிவு நமக்கு மட்டும் உரியதன்று. 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு சென்ற இபன் பதூதா, மத்திய ஆசியாவின் குவாரிசம் நாட்டு முலாம்பழத்தைப் பற்றி எழுதியிருக்கின்றார். அங்குள்ளோர் அதனைக் கீற்றுக்கீற்றாக அரிந்து வெயிலில் உலர்த்தி, நாணற் கூடைகளில் இட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினர் என்பது அவர் தரும் செய்தி. பாலைவனம் கடக்க அவர்களுக்கு உதவிய அறிவும் கடல் கடக்க நம்மவர்க்கு உதவிய அறிவும் ஒன்றே. எளிய மக்கள் தம் தேவையினால் ஒரே உண்மையை வெவ்வேறு திசைகளிற் கண்டுகொள்கின்றார்கள்.

சத்தகமும் சார்வோலையும்

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். பெட்டிக்கு வேண்டிய மூலப்பொருள் சார்வோலை. குருத்து மிக மெல்லியது, முற்றிய ஓலை முறியும். இரண்டுக்கும் இடைப்பட்ட சார்வே இழைப்புக்கு உகந்தது. அதனை வெட்டி வெயிலிலும் பனியிலும் பதப்படுத்தி, ஈர்க்கு நீக்கி, வேண்டிய அகலத்தில் வார்ந்தெடுப்பர். இழைக்குமுன் நீர் தெளித்து இளக வைப்பர்.

இவ்வளவுக்கும் உள்ள ஆயுதம் ஒன்றே. அது சத்தகம். உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தி. ஒரு புறம் வளைந்த அலகு, மறுபுறம் ஊசிபோற் கூர்ந்த இரும்புக் காம்பு. அலகு ஓலையை வாரும். காம்பு இழைகளை விலக்கி வழி திறக்கும். ஊர்க் கொல்லன் அடித்துக் கொடுத்த இச்சிறு கருவி யாழ்ப்பாணத்து வீடுகளில் இறப்பு ஓலையிற் செருகப்பட்டிருந்தது. அருங்காட்சியகத்தில் வாளும் பீரங்கியும் வைத்திருக்கின்றோம். ஒரு நாட்டின் உணவையும் கொள்கலத்தையும் தாங்கிய சத்தகத்தை வைத்தோமா?

அக்கருவியாற் பிறந்த கலங்கள் பல. காய்ச்சிய பனம்பாகை ஊற்றி உறையவைக்கும் சின்னஞ்சிறு குட்டான், பனங்கட்டிக்கு அச்சாகவும் உறையாகவும் ஒருங்கே அமைந்தது. மூடியோடு கூடிய மூடற்பெட்டி, உலர்ந்த பண்டங்களுக்கு. உமலும் பறியும் மீனுக்கு. பழத்துக்கும் பாரத்துக்கும் கடகம்.

கடகத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். அடி சதுரமாகத் தொடங்கும். மூலைகளில் மடிந்து மேலெழும். எழ எழ வட்டமாகும். விளிம்பு மடித்து அடக்கப்படுவதனால் உள்ளே கூரிய முனை எதுவும் பழத்திற் படாது. இழைத்த பெட்டிக்கு வெளியே மற்றொரு படை ஓலையிட்டு, விளிம்பிலும் அடியிலும் பனைமட்டை நாரால் இறுக்கிக் கட்டுவார்கள். இதனைப் 'பொத்துதல்' என்பது யாழ்ப்பாண வழக்கு. உட்சுவர் மென்மை, வெளிச்சுவர் வன்மை. பாரம் அழுத்தும்போது சுவர் சற்றே விட்டுக்கொடுக்கும். அழுத்தம் நீங்கினால் மீளும். இழைகளுக்கிடையே காற்று ஊடாடும்.

இதன் பயனை இன்றைய அறிவியல் விளக்குகின்றது. பறித்த பழம் உயிரற்ற பொருளன்று. அது சுவாசிக்கின்றது, வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகின்றது. பழுக்கவைக்கும் எதிலீன் என்னும் வாயுவையும் விடுகின்றது. கன்றிய பழம் இவ்வாயுவை மிகுதியாக விடுவதால் அருகிலுள்ளவையும் விரைந்து பழுத்து அழுகுகின்றன. காற்றுப் புகாத கலத்தில் ஒரு பழத்தின் கேடு எல்லாப் பழத்தின் கேடாகிவிடும். எதிலீன் என்ற பெயரை நம் ஆச்சிமார் அறியார். ஆனால் கடகத்தில் அடுக்குமுன் ஒவ்வொரு பழத்தையும் கையிலெடுத்துப் பார்த்துக் கன்றியதைத் தனியே வைப்பதை அவர்கள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மாங்காயைக் காம்போடு ஆய்வர். கொக்கத்தடியின் கொளுவிக்குக் கீழே சிறு வலை கட்டி, நிலத்தில் விழாமல் ஏந்துவர். காம்பு ஒடியும்போது பீறிடும் பால் தோலிற் பட்டாற் கருகும். ஆதலால் காம்புப் பக்கம் கீழாக இலைமேல் வைத்துப் பாலை வடியவிடுவர். பின் கடகத்தின் அடியில் வைக்கோல் அல்லது வாழைச்சருகு, அதன்மேல் செங்காய், மீண்டும் சருகு, மேலே கனிந்தது. வாயை ஓலையால் மூடி நாரினாற் கட்டுவர். கடற்றூவலுக்கும் அதுவே காப்பு.

தலையும் சும்மாடும்

கடகம் நிறைந்தது; இனி அதனைத் துறைவரை கொண்டுசெல்வது யார்? குலுங்கும் மாட்டு வண்டியைவிட நடக்கும் மனிதத் தலையே பழத்துக்கு நல்ல வாகனம். துணியைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, அதன்மேற் கடகத்தை ஏற்றி, கல்வேலிகளுக்கிடையே மணலிலும் வெயிலிலும் பெண்கள் துறைக்கு நடந்தார்கள். பாதையின் அதிர்ச்சியைக் கழுத்தும் முதுகும் ஏற்றுக்கொண்டன. பழம் நோகாமற் சென்றது.

இக்காட்சியின் மறுபாதியை இங்கிலாந்திற் காணலாம். லண்டனுக்கு மேற்கேயுள்ள ஐல்வேர்த் முதலிய ஊர்களின் தோட்டங்களிலிருந்து கொவன்ட் கார்டன் சந்தைக்கு ஸ்ட்ரோபெரிப் பழம் பெண்களின் தலையிலேயே சென்றது. வண்டியில் ஏற்றினால் நசிந்துவிடும் என்பதே காரணம். சுமந்தவர்கள் வேல்சிலிருந்தும் சுறொப்சயரிலிருந்தும் பருவகாலக் கூலிக்கு வந்த ஏழைப் பெண்கள். சேர் றிச்சார்ட் பிலிப்ஸ் 1817இல் வெளியிட்ட நடைப்பயண நூலில் இவர்களின் கடும் உழைப்பை மனம் நொந்து எழுதினார். உலகின் பேரரசுத் தலைநகரிலும், நம் சின்னஞ்சிறு தீவிலும், மென்மையான பழம் ஏழைப் பெண்ணின் கழுத்தின்மேலேதான் ஏறியிருந்தது. பழத்தின் நோவுக்கு அஞ்சிய உலகம் அவள் நோவுக்கு அஞ்சவில்லை.

பெட்டி இழைத்தல் தீவகத்தில் எல்லா வீடுகளிலும் நடந்த வேலையே. தம் வீட்டுத் தேவைக்கு இழைத்தவர் பலர். விலைக்கு இழைத்தவர் வறியவர். பகல் முழுதும் வேறு வேலை செய்து, இரவில் குப்பிவிளக்கு ஒளியில் இழைத்தார்கள். அதற்கு வேலை என்ற பெயரும் கிடைக்கவில்லை. 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது' என்றே அது கருதப்பட்டது. நேரத்துக்கு மதிப்பில்லாதபோது பொருளுக்கு எப்படி மதிப்பு வரும்? பெண்ணின் உழைப்பை உழைப்பென்று எண்ணாத சமூகம் அவள் செய்த பெட்டியையும் மரத்தில் தானாகக் காய்த்ததுபோல எண்ணியது.

ஓலை வெட்ட மரமேறியவரின் கதை இன்னும் கொடியது. அவர்கள் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள். அவர் வெட்டிய ஓலை வீட்டுக்குக் கூரையாயிற்று, வேலியாயிற்று. அவர் வீட்டுப் பெண் இழைத்த கடகம் அடுக்களைவரை சென்று அரிசியும் பழமும் ஏந்தியது. அப்போதெல்லாம் தீட்டு இல்லை. அதே கை பொதுக் கிணற்றில் நீர் அள்ளினால் மட்டும் தீட்டு. இந்நாட்டில் 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. அதன் பின்னும் தேநீர்க்கடைக்கும் கோயில் வாயிலுக்கும் போராட்டம் தேவைப்பட்டது. வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'தாலவிலாசம்' என்னும் தமிழ்ச் செய்யுள் நூலோ பனையின் பயன்களை 801 என எண்ணியதாகச் சொல்வர். 801 பயன்களையும் எண்ணிய நாடு, அவற்றை மரத்திலிருந்து இறக்கித் தந்தவரை மனிதராக எண்ணுவதற்குத் தயங்கியது.

வண்டி மாறியது, பெட்டி மாறியது

1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதம் முழுமையாக ஓடத் தொடங்கியது. தீவக மக்கள் பலர் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்திருந்தனர். ஊரிலிருந்து அவர்களுக்கு மாம்பழமும் பனங்கட்டியும் பினாட்டும் சென்றன. 1956இல் யாழ்தேவி வந்தபின் கொழும்பிலுள்ள மாமனுக்குக் கடகத்தில் மாம்பழம் அனுப்பியதை என் ஆச்சி சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

ஆயினும் கடகத்துக்கு ஒரு குறை இருந்தது. அதனை மறைப்பது நேர்மையன்று. கடகத்தின்மேற் கடகம் அடுக்கமுடியாது. ஒரு தலைக்கும் ஒரு வத்தைக்கும் அளந்து பிறந்த கலம் அது. புகையிரதப் பெட்டியும் லொறியும் உயரத்தை விரும்பின. ஒன்றன்மேலொன்றாக எத்தனை அந்தர் ஏறும் என்பதே புதிய கணக்கு. ஆகவே வைக்கோலிட்ட பலகைப் பெட்டி வந்தது. மலிவான சாக்கு வந்தது. சாக்கில் அடைத்துத் திணித்த பழத்திற் பாதி நசிந்தாலும், நட்டத்தை விளைத்தவன் தலையிற் கட்டிவிட வியாபாரிக்கு வழியிருந்தது. 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரக் கொள்கையோடு பிளாஸ்டிக் வாளியும் கூடையும் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்தன. சத்தகம் துருப்பிடித்தது.

பின்னர் போர். 1990இல் புகையிரதம் நின்றது. தீவகத்தின் பல ஊர்கள் ஆளற்றுப் போயின. பொருளாதாரத் தடை நிலவிய அவ்வாண்டுகளில் பரணிற் கிடந்த கடகங்கள் எங்கள் வீட்டில் மீண்டும் கீழிறங்கின. நான் அப்போது சிறுவன். கைவிடப்பட்ட கலை ஒன்று நெருக்கடியில் எங்களைக் கைவிடவில்லை என்பதைக் கண்ணாற் கண்டேன். புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. கடகம் அதில் ஏறித் திரும்பவில்லை.

2011ஆம் ஆண்டின் இறுதியில், மரக்கறியையும் பழத்தையும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றவேண்டும் என்று இலங்கை அரசு விதித்தது. தம்புள்ளை முதலிய இடங்களில் விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். அரசு விதியைத் தளர்த்த நேர்ந்தது. அறுவடைக்குப் பின் மூன்றிலொரு பங்களவு வீணாகின்றது என்பது பலகாலமாகச் சொல்லப்படும் கணிப்பு. சாக்கு பழத்தைக் கொல்லும் என்பதும் உண்மை. அடுக்கக்கூடிய, காற்றுப் புகும் கூடை அதனைக் காக்கும் என்பதும் உண்மை. எனினும் கூடையின் விலையை யார் கொடுப்பது? வெறுங்கூடையைத் திருப்பி ஏற்றிவரும் கூலி யாருடையது? காக்கப்பட்ட பழத்தின் இலாபம் யாருக்கு? இவற்றுக்கு விடை சொல்லாமற் சட்டம் மட்டும் வந்ததே எதிர்ப்புக்குக் காரணம்.

கருவி தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அது யார் கையில், யார் நன்மைக்கு என்பதே கேள்வி. கடகத்தைப் போற்றிவிட்டு அதனை இழைத்தவளின் வறுமையை மறப்பது வெறும் பழமைப் பற்று. பிளாஸ்டிக் கூடையைப் போற்றிவிட்டு அதனால் வேலையிழந்தவளை மறப்பது வெறும் புதுமைப் பற்று. இரண்டும் ஒரே குருட்டுத்தன்மையின் இரு கண்கள்.

1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இன்று ஓலைக் கைப்பைகளும் தொப்பிகளும் அலங்காரப் பெட்டிகளும் நகரக் கடைகளிற் காட்சிக்கு இருக்கின்றன. மகிழ்ச்சியே. ஆனால் ஓலைக்கலை வாழவேண்டுமானால் அது அலமாரியில் அழகுப் பொருளாய் இருந்தாற் போதாது. உழைப்பவளின் அடுப்பை எரியவைக்க வேண்டும். தீவிலிருந்து துறைவரை, துறையிலிருந்து யாழ்ப்பாணச் சந்தைவரை செல்லும் குறும்பயணத்துக்குக் கடகம் இன்றும் ஏற்ற கலம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இன்றும் படகிலேதான் போகவேண்டியிருக்கின்றது. இழைப்பவர்கள் கூட்டுறவாக ஒன்றுசேர்ந்து, செலவழிக்கும் நேரத்தைக் கணக்கிட்டு விலை வகுத்தால், பிளாஸ்டிக்கின் கழிவைக் குறைக்க விரும்பும் உலகம் அவ்விலையைக் கொடுக்க மறுக்கக் காரணமில்லை.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவரிடம், வீட்டிற் சத்தகம் இருந்தாற் கொண்டுவருமாறு சொன்னேன். முப்பதுக்கு மேற்பட்டோரில் ஒரே ஒரு மாணவி கொண்டுவந்தாள். மறுநாள் தன் ஆச்சியையும் அழைத்துவந்தாள். எழுபது வயதைக் கடந்த அவர் வகுப்பறைத் தரையில் அமர்ந்து, பேசிக்கொண்டே ஒரு பெட்டிக்கு அடியிட்டார். சதுரம் வட்டமாகும் இடத்தில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இது கணக்குப் பாடமெல்லோ!" என்றான். இன்னொருவன், "ஆச்சி, இதுவரைக்கும் எத்தினை பெட்டி இழைச்சிருப்பியள்?" என்று கேட்டான். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஆர் ராசா அதெல்லாம் எண்ணினது?" என்றார்.

அன்று நான் நடத்த எண்ணியிருந்த பாடம் நயினாதீவுச் சாசனம். உடைந்த கலத்தின் பண்டத்தைச் சரிபாதியாக எண்ணிய அரசனைப் பற்றி மறுநாட் கற்பித்தேன். கற்பிக்கும்போது அப்பண்டம் வைத்திருந்த பெட்டிகளைப் பற்றியும், எண்ணப்படாத அக்கைகளைப் பற்றியும் மாணவரே கேட்டார்கள். கேள்வி பிறந்துவிட்டது. ஊர்தோறும் உள்ள முதியவரிடம் சென்று, அவர் கையிலுள்ள அறிவையும் அவர் பெற்ற கூலியையும் கேட்டெழுதுவது இனி நம் மாணவரின் வேலை. அவர்களை அனுப்பிவைப்பது நம் வேலை.